கூட்டிப் போட்ட பின்கண்ணாடி

பிள்ளைகளா, போன மாதம் அவனியாபுரத்தில் மிரண்டு ஓடிவந்த மாடு ஒன்று எங்கள் காரின் பின்கண்ணாடியை முட்டி உடைத்துவிட்டது. உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாதென்று, ஒட்டியிருந்த சில்லையும் பிடுங்கி, எல்லாவற்றையும் கூட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

புதுக் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால், உடைந்ததை இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்க வேண்டுமாம்.

“பழைய கண்ணாடி ஒண்ணு கெடக்கு மாப்ள. ஒடச்சு காருக்குள்ள போட்டுருவோம், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் ஒர்க்‌ஷாப் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

“அப்பா, நான் ஒடைக்கட்டா?” என்று ஆசையாகச் சுத்தியலை எடுத்தாள் கூட வந்திருந்த என் மகள். சுத்தியலை வாங்கி வைத்தேன்.

சர்வேயரிடம், கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிட்டதை அப்படியே சொன்னேன். “ஆபீஸ்ல கேட்டுப் பாக்குறேன், உறுதியில்ல,” என்றார். இன்னும் பதில் வரவில்லை.

“அன்னைக்கு ஏம்ப்பா என்னைய ஒடைக்க விடல?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் தலையாட்டியதையும் சேர்த்து அவளிடம் சொல்ல வேண்டும். இன்னும் வாய் வரவில்லை.