கோபுரத்துக்கு முதுகு காட்டிய நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுத்தாலே கூச்சம் வந்துவிடும். எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். எங்கள் மிளகாய் வற்றலை வாங்கும் தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் படகு வைத்திருந்தார். ராமேசுவரம் போயிருந்தபோது, "கடல்ல இருந்து கோபுரத்தப் பாருங்கண்ணே, மனசு நெறஞ்சு போகும்" என்றார். நானும் என் வீட்டுக்காரியும் ஏறினோம்.

நிறையத்தான் செய்தது. கோபுரத்தைப் பார்த்து எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்கினேன், இறக்கினேன், மறுபடி தூக்கினேன். எனக்குப் பின்னால், ஆழக்கடல் பக்கம் இருந்த படகு ஒன்று வலையை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வந்தது. கடலில் அப்படிக் கையைத் தூக்கி இறக்கினால் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுவதாம்.

"என்னய்யா, தண்ணி ஏறுதா?" என்றார் அதிலிருந்த பெரியவர்.

"சாமி கும்பிட்டேன்யா."

அவர் எங்கள் படகுக்காரரைப் பார்த்தார். "ஏலே, இவுகள ஒக்கார வச்சுக் கும்புடச் சொல்லு" என்று திட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் எஞ்சின் நின்றது. மேல்காற்று படகைக் கிழக்கே எல்லைப் பக்கம் தள்ளியது. எல்லையைத் தாண்டினால் அந்த நாட்டு நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். படகுக்காரரின் போன் கரையில் சார்ஜில் கிடந்தது. அந்தப் பெரியவரின் படகு மட்டும் எட்டத்தில் தெரிந்தது. வலையை இழுத்து முடித்தால் அதுவும் போய்விடும்.

"கையத் தூக்குங்கண்ணே."

தூக்கினேன். ஆண்டவனைக் கூப்பிட்டபடி, கோபுரத்தைப் பார்த்துத்தான். என் வீட்டுக்காரியும் தூக்கினாள். அங்கிருந்து ஒருவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வலையை இழுக்கப் போனார்.

"இங்கன யாரு தூக்குனாலும் பூசைன்னுதான் நெனப்பாக" என்றார் படகுக்காரர். "கோயிலுக்கு முதுகக் காட்டித் தூக்குங்க, அப்பத்தான் நம்புவாக."

"இம்புட்டுத் தூரம் வந்து சாமிக்கு முதுகக் காட்டுறதா?" என்றாள் அவள்.

"இல்லேன்னா எல்லையத் தாண்டிப் போயிக் கும்புடுங்கக்கா."

சன்னிதியிலிருந்து வரும்போதுகூட நான் முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருகிறவன். கால் கூசியது.

"நீங்க அங்கிட்டுத் திரும்பிக் கூப்புடுங்க. நான் இங்கிட்டு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றாள்.

திரும்பினேன். கையைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். அந்தப் படகு வந்தது.

கயிற்றைப் போட்டபடி பெரியவர் கேட்டார்: "இப்ப நெசந்தானா?"

"நெசந்தான்யா. முதுகையே காட்டிட்டேன்."

கட்டி இழுத்துப் போனார்கள். எதிரே கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரியவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் கும்பிட்டேன்.

நான் கூப்பிட்டதும் சாமியே படகில் வந்ததாக ஊரில் இப்போது சொல்கிறார்கள். அனுப்பியது சாமிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வந்தவர் பீடி குடித்தார். நாலு பேரிடம் சொல்கிறவர்கள் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். முதுகு காட்டியதையும் விட்டுவிட வேண்டாம், படகில் போகிறவர்களுக்கு உதவும்.