கைக்குட்டை வந்த இடம்

குழாய் மாஸ்டர் என்றால் அந்த ஸ்டுடியோவில் தெரியாதவர்கள் கிடையாது. தையல் பிரிவில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருப்பதால் மாஸ்டர். குழாய் என்பது அவருடைய கண்ணுக்கு வைத்த பெயர், திறந்தால் நிற்காது. கதாநாயகனின் நாய்க்கு அடிபட்டால் அழுவார். கதாநாயகனுக்கே அடிபட்டால் கேட்கவே வேண்டாம். வில்லனுடைய அம்மா செத்ததற்கு அழுத ஒரே மனிதர் இவர்தான் என்று லைட் பிடிக்கிற ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அந்தக் கண்ணீருக்கு ஸ்டுடியோவில் ஒரு உத்தியோகமே இருந்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருடைய கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு?

மாடியில் எடிட்டிங் அறை. எடிட்டர் ஒல்லியான மனிதர், கொஞ்சம் சிடுசிடுப்பு. எந்தப் படமானாலும் அழுகைக் காட்சியை முடிவு செய்வதற்கு முன்னால் கீழே ஆள் அனுப்புவார். "ஊசியை வச்சிட்டு மேல வாங்க மாஸ்டர்." மாஸ்டர் கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே போய் சோபாவில் உட்காருவார். விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டதும் எடிட்டர் திரையைப் பார்க்க மாட்டார், மாஸ்டருடைய சட்டைப் பையைத்தான் பார்ப்பார். பையிலிருந்து கைக்குட்டை வெளியே வந்த நொடியைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். அதற்குமேல் நான்கு நொடி. அதோடு காட்சியை வெட்டிவிடுவார்.

"அழ வைக்கிறது பெரிய விஷயமில்ல மாஸ்டர். அழ ஆரம்பிச்சவனைத் தொந்தரவு பண்ணாம விடணும். அதுக்கு மேல காட்டினீங்கன்னா கண்ணைத் துடைச்சிட்டு மணி பார்ப்பான்."

கைக்குட்டை வரவில்லையென்றால் டைரக்டர் தலைகீழாக நின்றாலும் காட்சி பாதியாகும். என் படத்தின் தலையெழுத்து ஒரு தையல்காரரின் சட்டைப் பையில் இருக்கிறதா என்று குதித்தவர்கள் உண்டு. படம் வெளியான பிறகு, மாஸ்டர் அழுத அதே இடத்தில் கொட்டகையே மூக்கைச் சிந்துவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கைக்குட்டை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சல் என்று படுத்தாள். டாக்டர்கள் அந்தக் காய்ச்சலுக்கு நாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள்.

அன்றைக்கு மாஸ்டர் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வண்டி பிடித்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மனைவியின் அக்காவிடம் போய், "அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரித்தார். யாரும் இல்லாத அறையில் ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். மனைவி தரையில் கிடந்து கதறிக்கொண்டிருந்தாள். இவர் அவளைத் தாண்டி நடந்து தண்ணீர் கொண்டுவந்தார், மறுபடி தாண்டி நடந்து டம்ளரை எடுத்துப் போனார்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னாள். இப்படிப்பட்டவர்களுக்கு ரகசியம் பேசும்போதுதான் தொண்டை நன்றாகத் திறக்கும்.

"படத்துல எவளோ செத்தா குடம் குடமா அழுவாராம். பெத்த பொண்ணுக்கு ஒரு சொட்டு விடல பாருடி."

தரையில் கிடந்தவள் காதிலும் அது விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பத்து நாள் கழித்து வேலைக்குப் போனாள், அவரும் போனார். வீட்டில் பேச்சு தேய்ந்துபோனது. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சாவியை எடுத்துக்குங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. இவ்வளவுதான். இரண்டு மாதம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு தடவைகூட அழுகை வரலையா?"

மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்து, "வரல" என்றார்.

"ஏன்?"

"தெரியல."

தெரியும். நன்றாகவே தெரியும்.

தினமும் காலையில் மகளை ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுத்தான் அவர் ஸ்டுடியோவுக்குப் போவார். அவள் ஒருநாள்கூட நேரத்துக்குக் கிளம்பியது கிடையாது. இவர் வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பார். உள்ளேயிருந்து "வரேன்ப்பா" என்று சத்தம் மட்டும் வரும். அந்தத் திங்கட்கிழமை அந்தச் சத்தமும் வரவில்லை. இவர் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை அடித்தார். தலைகூட வாராமல் அவள் வந்தாள். "நீ கிளம்புறதுக்குள்ள ஊரே வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடும்" என்று கத்தினார். ஒன்றும் பேசாமல் பின்னால் ஏறி அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "தூங்காத, விழுந்து வைக்காத" என்றார். சட்டையைத் தாண்டி அந்தத் தலை சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

இதை அவளைப் பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு தடவையும் அழுகை தொண்டை வரை வரும். வந்ததும் அந்த ஹாரன் சத்தம் கேட்கும். அழுவதற்கு உனக்கு என்னடா யோக்கியதை என்று நெஞ்சு கேட்கும். அழுகை அப்படியே உள்ளே போய்விடும்.

மனைவி முடிவுக்கு வந்துவிட்டாள். இத்தனை வருஷம் கூட இருந்தவர் அந்தப் பெண்ணின் மேல் பாசமே இல்லாதவர் என்றால், இனிமேல் இந்த வீட்டில் யாரோடு உட்கார்ந்து அவளை நினைப்பது? அக்கா இருக்கும் ஊரிலேயே ஒரு பள்ளியில் இடம் கேட்டு வைத்தாள்.

"அக்கா வீட்டுல போய் இருக்கலாம்னு இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல" என்றாள்.

அவர் தடுக்கவில்லை. தடுப்பதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மகள் போனபிறகு நான்கு மாதம் எடிட்டர் அவரைக் கூப்பிடவில்லை. சிடுசிடுப்புக்காரர்தான், ஆனாலும் மனுஷன். ஐந்தாவது மாதம் ஒரு குடும்பப்படம் வந்தது. அம்மா செத்து, அப்பாவும் மகளும் தனியாக நிற்கிற கதை. வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பினார்.

அம்மா சாகும் காட்சி ஓடியது. வயலின் இழைகிறது, மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். மாஸ்டரின் சட்டைப் பை அசையவில்லை. எடிட்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மாஸ்டர்?" என்றார்.

"நல்லாத்தான் சார் இருக்கு."

எடிட்டர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். எங்கே இடறியது என்று யோசித்தபடியே நிறுத்த மறந்துவிட்டார். படம் தன் பாட்டுக்கு ஓடியது. அடுத்தது இன்னும் வெட்டாத காட்சி. அம்மா போய்க் கொஞ்ச நாள் ஆகிவிட்டது. அப்பா வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறார். ஹாரன் அடிக்கிறார். உள்ளேயிருந்து "வரேன்ப்பா" என்று குரல். மறுபடி ஹாரன். மறுபடி "வரேன்ப்பா". மணியைப் பார்க்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், மறுபடி ஹாரன். சும்மா ஒரு சிரிப்புக்காக எடுத்தது. இரண்டரை நிமிஷத்தில் பத்து நொடியை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தார் எடிட்டர்.

சோபாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் கைக்குட்டையையும் அளவு நாடாவையும் சேர்த்து முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடிட்டர் கேட்கவில்லை, அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எனக்குத் தோணவே இல்ல பாருங்க மாஸ்டர்! அம்மா இல்லாத வீடு, இனிமே அப்பன்தான் எல்லாம். சாவுல இல்ல அழுகை, இங்க இருக்கு!" இரண்டரை நிமிஷத்தையும் அப்படியே வைத்தார். இசையைக்கூட எடுத்துவிட்டார், ஹாரன் மட்டும். டைரக்டர் ஏதோ சொல்ல வந்தார். "குழாய் மாஸ்டர் அழுதிருக்கார்" என்றதும் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டரும் காரணத்தைச் சொல்லவில்லை.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு ஸ்டுடியோ ஊழியர்களின் குடும்பங்களுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். மறுநாள் காலை மனைவி அக்கா ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது.

"வர்றியா?" என்று கேட்டார்.

"வரேன். அங்க எதுக்கு அழுவீங்கன்னு நானும் பார்க்கிறேன்" என்றாள்.

அம்மா சாகும் காட்சியில் கொட்டகை முழுக்க விசும்பல். அவளும் அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தில் திரும்பினாள். திரை வெளிச்சத்தில் அவர் முகம் காய்ந்து கிடந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்துக்கும் அழாத இந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

பிறகு அந்த ஹாரன். முதல் இரண்டுக்குச் சிலர் சிரித்தார்கள். ஐந்தாவதுக்கு இருமலும் கொட்டாவியும் கிளம்பின. எட்டாவதுக்கு ஒருத்தன், "ஏம்மா, சீக்கிரம் வாம்மா, நாங்களும் வீட்டுக்குப் போகணும்!" என்று குரல் கொடுத்தான். கொட்டகையே கொல்லென்று சிரித்தது. விசில் பறந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மாஸ்டர் வாய்விட்டு அழுதார். சின்னப் பிள்ளைகள் அழுவதைப்போல மூச்சு வாங்கி வாங்கி அழுதார்.

"யாரு சார் அது, காமெடி சீனுக்கு அழுறது?" என்றது பின்வரிசை.

அவள் திரையைப் பார்த்தாள். வாசல், ஸ்கூட்டர், ஹாரன். பிறகு அவரைப் பார்த்தாள். அதற்கப்புறம் படம் முடியும்வரை அவள் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே படிக்கட்டருகில் எடிட்டர் வெளிறிப்போய் நின்றார்.

"பதினெட்டு வருஷம் மாஸ்டர். உங்க கைக்குட்டையை நம்பித்தான் வச்சேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்த இடத்துல எதுக்கு அழுதீங்க?"

மாஸ்டர் தலைகுனிந்து நின்றார். பதிலை அவள் சொன்னாள்.

"எங்க பொண்ணு தினமும் லேட்டாத்தான் சார் வருவா."

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் எடிட்டர்.

"அதை வெட்டிடுவீங்களா?"

"வெட்டித்தான் ஆகணும்மா. இல்லன்னா படம் நிக்காது. நாளைக்குக் காலைல எல்லாத் தியேட்டர்லயும் எடுத்துடுவாங்க."

"அப்போ அடுத்த ஆட்டத்துல இருக்குமா?"

"இருக்கும்."

"எங்களுக்கு ரெண்டு சீட்டு வேணும் சார்" என்றாள்.

எடிட்டரே உள்ளே போய் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். இருவரும் மறுபடி அதே இருட்டில் போய் உட்கார்ந்தார்கள். அம்மா செத்தாள். கொட்டகை அழுதது. இவர்கள் காத்திருந்தார்கள்.

முதல் ஹாரன் கேட்டதும் மாஸ்டர் பேச ஆரம்பித்தார். பேசினார் என்றா சொல்வது, வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. "அன்னைக்கு அவ தலை சுட்டுச்சு. என் முதுகுலதான் சாஞ்சிருந்தா. வெயில்னு நெனைச்சேன். அதுக்கு முன்னாடி அவளைத் திட்டினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஹாரன் அடிச்சேன்."

"கேட்டுச்சு" என்றாள் அவள். "உள்ளதானே இருந்தேன்."

இன்னொரு ஹாரன். இந்தக் கூட்டமும் சிரிக்கத் தொடங்கியது.

"தலை வலிக்குதும்மான்னு கட்டில்ல உட்கார்ந்திருந்தா" என்றாள். "காலேஜுக்குப் போகாம இருக்கச் சாக்கு சொல்றான்னு நெனைச்சேன். அப்பா கத்துறாரு, எழுந்து போடின்னு கையைப் பிடிச்சு இழுத்து விட்டதே நான்தாங்க."

இத்தனை மாதமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அழவில்லை என்று அவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, தன் பங்கை மூடி வைத்திருந்தாள். மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அந்தப் பெண் ஒரு வழியாக ஓடி வந்து அப்பாவின் பின்னால் ஏறிக்கொண்டாள். கொட்டகை கைதட்டிக் கேலி செய்தது. நேரமானால் என்ன, அவள் வந்துவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை இருவரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.