பஸ்ஸுக்குள் எழுந்து நின்றவர்

மாலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. முதலில் கண்ணில் பட்டவை ஜன்னல்களில் இழுத்து விடப்பட்டிருந்த பச்சைத் திரைகள். கப்பலூர் சாலையோரத்தில், வேலைநிறுத்தம் செய்தவர்களோடு நான் நின்றிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. பஸ்ஸுக்குள் அப்பா இருந்தார்.

சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு முந்தைய வாரம்தான் அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செலவைக் கம்பெனி ஏற்கும், வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். அன்றிலிருந்து, அதே கம்பெனியில் வேலைநிறுத்தத்தில் இருந்த சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து தெருமுனையில் இறக்கிவிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அன்று வழியில் கூட்டத்துக்கு வந்துவிட்டோம்.

கூட்டம் முடியும்போது தொழிலாளர் கீதம் பாடுவார்கள். பல வருஷம் அதை எடுத்துக் கொடுத்தவர் அப்பாதான். அதன் கதையையும் அவரே சொல்லியிருந்தார். எங்கோ ஒரு நாட்டில் தொழிலாளர் எழுச்சி தோற்ற பிறகு, ஒளிந்திருந்த ஒருவர் எழுதியது. மெட்டுப் போட்டவர் மரத்தில் சிற்பம் செதுக்குபவர். பாஷை பாஷையாகப் புகுந்து தமிழுக்கும் வந்தது.

"தோத்தவுக எழுதுன பாட்டு, தாயி. கேட்டா எங்க இருந்தாலும் எந்திரிச்சு நிக்கணும்."

லாரி ஒன்றுக்கு வழிவிட்டு பஸ் எங்கள் எதிரே நின்றது. "என்ன மாப்ள, திரை போட்டுப் பொண்ணழைப்பா போகுது?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை, பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது வரியில் பஸ் நகர்ந்தது. பின்பக்கக் கண்ணாடிக்குத் திரை இல்லை. உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் எழுந்து நின்றிருந்தார். ஒரு கை மேல்கம்பியில். மறு கை முஷ்டியாகத் தோளுயரத்தில். முன் சீட்டிலிருந்த சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"சித்தப்பா, அப்பா நிக்கிறாரு," என்றேன் பெருமையாக.

சித்தப்பாவின் குரல் பாதி வரியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் அவரில்லாமலே பாடி முடித்தார்கள். திரும்பும் வழியில் அவர் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வீட்டு வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா டிபன் பாக்ஸோடு பசுமலை ஸ்டாப்பில் நின்றார். நானும் கூட நின்றேன். பஸ் வேகம் குறையாமல் வந்தது. டிரைவர் கவனிக்கவில்லை என்று நினைத்து, சாலையோரம் ஓடிப்போய்க் கையை உயர்த்தி ஆட்டினேன். பஸ் போய்விட்டது. அப்பா வந்து என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

வியாழக்கிழமைக்குக் குறித்திருந்த ஆபரேஷன் நடக்கவில்லை.