இரண்டு சட்டி கத்தரிக்காய்க் குழம்பு

பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் வான் ஓட்டுகிறவனுக்கு ரோமாபுரியோடு என்ன கொண்டாட்டம் என்று மனைவி கேட்பாள். வானில் பாட்டுக் கேட்டால் எனக்கு நித்திரை வரும், சரித்திரம் கேட்டால் வராது, அவ்வளவுதான். ஒருநாள் ஹைவேயில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது வான் ரேடியோவில் ஒரு பேராசிரியர் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் காலத்து ரோமப் பட்டணங்களில், புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்குப் பெரிய தலையிடி சாப்பாட்டால்தான் வந்ததாம். சந்தை இறைச்சியில் கோயிலில் பலியிட்டதும் கலந்திருக்கும். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனால், இது படைத்ததா என்று கேட்பதா, கேட்காமல் விழுங்குவதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட கடவுளே, இது எங்கள் வீட்டுக் கதையல்லவா!

அக்கா விட்பியில் இருக்கிறார். அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் எங்கள் சனத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கத்தைய கிறிஸ்தவ சபைக்காரர்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதோடு அக்கா சபைக்குப் போகத் தொடங்கினார். அதில் நான் என்ன குறை சொல்ல? நானும்தான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அம்மாவின் திவசத்துக்குத் தவறாமல் டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். "உது படைச்சதோ?" என்று கேட்பார். ஓம் என்றால் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிவிடுவார். மூன்று வருடம் இப்படித்தான். அம்மாவின் பெயரில் அயல் முழுக்கச் சாப்பிட, பெற்ற மகள் பசியோடு கார் ஏறுவதை பல்கனியில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை அவர் சாப்பிட்டே ஆகவேண்டும்.

"படைக்க முந்திக் கொஞ்சம் எடுத்து வைப்பம்" என்றேன்.

மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கென்ன விசரே? மச்சாளுக்கு முதல்ல எடுத்துப்போட்டு, மாமிக்கு மிச்சத்தையோ படைக்கிறது?"

அவள் சொன்னதும் சரிதான். படைக்கும்வரை உப்புக்கூடப் பார்க்காத குடும்பம் நாங்கள். ஆகவே எல்லாமே இரண்டு. இரண்டு பானை சோறு, இரண்டு சட்டி கத்தரிக்காய்க் குழம்பு, இரண்டு பருப்பு, இரண்டு பாயாசம். காலையிலிருந்து நின்று இடுப்பு விட்டுப்போய்விட்டது. எந்தச் சாமியும் இறங்கிவந்து தேங்காய் துருவித் தரவில்லை.

அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்து, காகத்துக்குப் பல்கனியில் சோறு வைத்தோம். அணில் வந்து தின்றது. அக்காவும் வந்தார். சப்பாத்தைக் கழற்றியபடியே வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லை அக்கா. உங்களுக்கெண்டு புறம்பாச் சமைச்சது" என்றேன், பெரிய கெட்டித்தனம் செய்தவன்போல.

எங்களோடு மேசையில் இருந்தார். குழைத்து ஒரு வாய் வைத்தார். கை நின்றுவிட்டது.

"அம்மான்ர குழம்பு மாதிரியே இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. எங்கள் சட்டியைப் பார்த்தார், பிறகு தன்னுடையதைப் பார்த்தார். "எனக்கு மட்டும் தனிச் சட்டியோடா?"

ஊரில் யாருக்குத் தனிச் சட்டி வைப்பார்கள், தனிக் கோப்பை வைப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு முகம் எரிந்தது. கோபமும் வந்தது.

"நீங்கள்தானே அக்கா ஒவ்வொரு முறையும் கேக்கிறனீங்கள்? நான் வேறென்ன செய்யிறது?"

"கேப்பன். நான் கேக்கத்தானே வேணும்." குழம்பை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டார். "நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மனைவி தடுக்கத் தடுக்கத் தன் சட்டியைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு விட்பிக்குப் போனார்.

அடுத்த திவசத்துக்கு ஒரு சட்டிதான். கேட்டால் பொய் சொல்லுவேன். அக்காவும் நம்புவார்.