லோரைன் எழுந்திருக்காத வெள்ளிக்கிழமை

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரன் எவனும் முதலில் கேட்பது, "இங்க எங்கங்க நல்லா சாப்பிடலாம்?" என்றுதான். தெற்குப் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்ல ஒருத்தி இருந்தாள். பார்ட்டெல் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற லோரைன் பாவ்லக். கை நிறையத் தட்டுகளோடு போகிற போக்கிலேயே சொல்லுவாள்.

"வெண்ணெய் ஒழுகற பர்கர் வேணும்னா ஏரிப்பக்கம் போ கண்ணு. ஐஸ்கிரீம் கேக்கறியா, இந்த ஊர்ல முட்டை சேத்து உறைய வைக்கற கஸ்டர்டைத் தவிர எதையும் தொட்டுடாத. ஆற அமர உக்காந்து சாப்பிடணுமா, செர்பியாக்காரங்க கடை ஒண்ணு இருக்கு. பூரெக் கேளு. அடுக்கடுக்கான மாவுக்குள்ள கீரையும் பாலாடைக்கட்டியும் வச்சு, தட்டு அகலத்துக்கு உப்பிக்கிட்டு வரும். சொன்னதுக்கப்புறம்தான் சுட ஆரம்பிப்பாங்க, நாப்பது நிமிஷம் ஆகும். ஆனா ஆகட்டுமே!"

போனவர்கள் திரும்பி வந்து அவளுக்கு நன்றி சொல்லுவார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். அந்த இடங்களில் ஒன்றில்கூட அவள் கால் வைத்ததில்லை. எல்லாம் சாப்பிட்டவர்கள் சொல்லக் கேட்டதுதான். ஊரே சாப்பிட உட்காருகிற நேரத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு விடுமுறையான திங்கட்கிழமையிலோ, நல்ல கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும்.

எங்கள் ஊரின் வெள்ளிக்கிழமைக் கூத்து தெரிந்ததுதானே. கோயிலுக்குப் போகாதவன்கூட வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடாமல் தூங்க மாட்டான். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடாத தவக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் வாசலைத் தாண்டி, பனியிலும் வரிசை நிற்கும். மீன், உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ், கோஸ் சாலட், ரை ரொட்டி. அது வேண்டும் இது வேண்டும் என்று பறக்கிற அத்தனை பேருக்கும் சுடச்சுடக் கொண்டு போய் வைத்துவிட்டு, லோரைன் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு ஆறிப்போன மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். இளவயதில் ஆரம்பித்தது. எப்போது தலை நரைத்தது என்று அவளுக்கே தெரியாது.

போன கிறிஸ்துமஸோடு முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணிவிட்டன. இன்னொரு தவக்காலத்தை இந்தக் கால்கள் தாங்காது என்று அவளே வேலையை விட்டாள். கடையில் கேக் வெட்டினார்கள், கண் கலங்கினார்கள், கேக் தட்டுகளை அவளே கழுவி வைத்துவிட்டு வந்தாள். அந்தப் புத்தி எங்கே போகும்!

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் செர்பியாக்காரர் கடைக்குப் போய் உட்கார வேண்டும். அவள் பிறந்தநாளும் தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. நியூஜெர்சியில் வேலை பார்க்கும் மகள் டெனீஸ் அதற்காகவே விமானம் ஏறி வந்திருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு உனக்குப் பொறந்தநாள். எங்க போய்ச் சாப்பிடலாம், சொல்லு."

"எனக்கென்ன, எங்கேன்னாலும் சரிதான்டி."

"நிஜமாவா? ஏதாவது ஆசை இருந்தா சொல்லும்மா."

"அட, உங்களுக்கு எது வசதியோ அங்கேயே போகலாம்."

எங்கள் ஊரில் இது பதிலே இல்லை. கேட்டதும் வாயைத் திறந்து இது வேண்டும் என்று சொல்கிறவளை வெட்கம் கெட்டவள் என்பார்கள். முதல் தடவை மறுக்க வேண்டும், இரண்டாம் தடவை இன்னும் பணிவாக மறுக்க வேண்டும், மூன்றாம் தடவை கேட்கும்போது, "அப்படின்னா, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..." என்று இழுக்க வேண்டும். லோரைன் அந்த இழுப்பை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

டெனீஸ் மூன்றாம் தடவை கேட்கவில்லை. நியூஜெர்சித் தண்ணீர் குடித்துப் பழகியவள். "அப்ப சரி, பார்ட்டெலுக்கே போயிடலாம். உனக்கு வீடு மாதிரி" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

லோரைனுக்குப் பகீர் என்றது. புருஷனைப் பார்த்தாள். நார்பர்ட்டுக்கு இந்த முறையெல்லாம் அத்துப்படி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மனிதன்! அவனோ, "தெரிஞ்ச இடம்னா காரை நிறுத்தச் சுளுவா இருக்கும்" என்று தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பார்ட்டெல் மீன் என்றால் உயிர். எரிச்சலை விழுங்கிக்கொண்டு காரில் ஏறினாள். அழவேண்டும் போல இருந்தது, அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

கடையில் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். மூலை மேசையில் அவர்களை உட்கார வைத்தார்கள். சின்னப் பெண் ஒருத்தி தட்டுகளோடு தடுமாறிக்கொண்டு போனாள். இடது கையில் மூன்றாவது தட்டை எங்கே ஏற்றுவது என்று அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை. லோரைனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தோள் வலித்தது.

முதலாளி ராஜர் வந்தான். அப்பா காலத்துக் கடை. மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த பையனாக அவனை அவளுக்குத் தெரியும்.

"பொறந்தநாள் வாழ்த்து, லோரைன்! நல்லா இருக்கீங்களா? இன்னைக்குப் பாத்து பரிமாறற ட்ரேசிக்குக் காய்ச்சலாம், வரலை. எங்க நிலைமையைப் பாருங்க. ஐயோ, உங்ககிட்ட எதுவும் கேக்க வரலை."

"நான் வேணா ஒரு ரெண்டு மேசைக்கு..." அவள் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"சேச்சே! வேணாம் வேணாம். விருந்தாளியா வந்திருக்கீங்க."

"ரொட்டிக் கூடையாவது எடுத்து வைக்கறேனே."

"வேணாம் லோரைன், சத்தியமா வேணாம்."

சொன்னானே தவிர, நகரவில்லை. பரிமாறுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற ஏப்ரன் அவன் தோளில் ஒன்றல்ல, இரண்டு கிடந்தன. இனி அவள் மூன்றாம் தடவை கேட்க வேண்டும், அவன் "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்று இழுக்க வேண்டும். அவள் எழுந்து போகத்தான் போகிறாள் என்று நார்பர்ட் அதற்குள் அவள் கைப்பையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான். அவளும் மேசை விளிம்பைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டாள். முழங்கால் சுரீர் என்றது. எதிரே மகள் ஒன்றும் புரியாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற மகள்.

லோரைன் மறுபடி உட்கார்ந்தாள்.

"சரி ராஜர். நீயே ரெண்டு தடவை வேணாம்னுட்ட. நான் உக்காந்துக்கறேன்."

நார்பர்ட் கையிலிருந்த முட்கரண்டி தட்டில் விழுந்தது. ராஜரின் காது மடல் சிவந்தது. "ஆமாமா, உக்காருங்க, அதுக்குத்தானே வந்தீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஏப்ரன்களோடும் சமையலறைப் பக்கம் போனான். அந்தச் சின்னப் பெண் மறுபடி தடுமாறிக்கொண்டு கடந்தபோது லோரைனின் கண் அந்தத் தட்டுகளோடு கூடவே போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மீன் வந்தது. ஆவி பறந்தது. பிட்டு வாயில் வைத்தவளுக்கு நாக்கு சுட்டுவிட்டது. இந்தக் கடை மீன் நாக்கைச் சுடும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகத் தின்றாள்.

"என்ன லோரி இப்படிப் பண்ணிட்ட, பாவம் அவன்" என்றான் நார்பர்ட்.

"நார்ப், அடுத்த வெள்ளிக்கிழமை செர்பியாக்காரங்க கடைக்குப் போறோம். நான் கேக்கலை, சொல்றேன்."

நார்பர்ட் வாயிலிருந்த அடையை மென்று விழுங்கி, யோசித்துவிட்டுச் சொன்னான்: "அங்க நாப்பது நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணுமாமே?"

"அதுக்குத்தான்" என்றாள் லோரைன்.