மூன்று சுற்று டேப்

குளியலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் டெஃப்லான் டேப் வாங்கி வந்தவன், அதைப் பிரிக்காமல் ஜன்னல்மேல் வைத்துவிட்டேன். "இன்னாங்க, ஒரு டேப்பு சுத்த நல்ல நாள் பாத்துகினு இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள். சிரித்து மழுப்பினேன். அந்த வெள்ளை நாடாவை நான் கையால் தொட்டுப் பல வருடமாகிறது. காரணம் அவளுக்கும் தெரியாது.

பல வருடங்களுக்கு முன் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஓர் ஆய்வகத்தில் என்.எம்.ஆர். கருவி ஓட்டிக்கொண்டிருந்தேன். பொருளைக் காந்தத்துக்குள் வைத்தால் அதிலுள்ள அணுக்களின் சமிக்ஞையைப் படித்துச் சொல்லும் கருவி அது. அங்கே ஆய்வு செய்ய வந்தவர்தான் மேடம். என்னைவிட இளையவர்; என்னை அண்ணா என்பார். துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் ஃப்ளூரின் ரசாயனம் ஆற்றில் கலந்தால், அதைக் கரித்தூளில் பிடித்து வைக்க முடியுமா என்பது அவர் கேள்வி. கரியின் மேற்பரப்பில் அந்த மூலக்கூறு ஒட்டி நிற்கிறதா, கழுவினால் போய்விடுகிறதா என்பதை ஃப்ளூரின் சமிக்ஞை காட்டிக்கொடுக்கும். மூன்று வருடம் அதற்காகவே உழைத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சாயங்காலம் திறந்து, மோந்து பார்த்துவிட்டுக் கொட்டுவார்.

மாதிரிப் பொடியைச் சுண்டுவிரல் நுனி அளவுள்ள குப்பியில் அடைத்து, மூடி போட்டு, நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழல விட வேண்டும். அன்று மூடி லொடலொடவென்றிருந்தது. சுழலும்போது பிய்த்துக்கொண்டால் கருவியே போச்சு. புது மூடி வர மாதக்கணக்காகும். மூடியின் காம்பில் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். கார்பன் சமிக்ஞை மட்டும் பார்க்கும் மாதிரிகளுக்கு எத்தனையோ முறை செய்த வேலைதான். டெஃப்லான் முழுக்க ஃப்ளூரின் என்பது எனக்குத் தெரியாததல்ல. கை பழக்கத்தில் சுற்றிவிட்டது, புத்தி கூட வரவில்லை.

கழுவிய கரியிலும் சமிக்ஞை நிமிர்ந்து நின்றது. மேடம் உடனே நம்பிவிடவில்லை. "குப்பியிலேர்ந்தே வருதான்னு காலிக் குப்பிய ஓட்டிப் பாத்தீங்களா அண்ணா?" என்றார். "ஆங், ஓட்டிட்டேங்க மேடம், ஒண்ணுமே வரல" என்றேன். பொய்யில்லை. ஆனால் நான் காலியாக ஓட்டியது வேறொரு குப்பியை. அதன் மூடி இறுக்கமானது, டேப் தேவைப்படவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு அவர் எங்கள் ஊருக்கு வந்தார். முடிவு நல்லபடி வந்தால் முடி கொடுப்பதாக வேண்டுதலாம். இடுப்புவரை இருந்த கூந்தல் அது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு படியிறங்கி வந்து, "லேசா இருக்குண்ணா" என்று சிரித்தார். என் வீட்டில் இரண்டு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

கட்டுரை அனுப்பிய பிறகு, அதே கரியை வேறோர் ஊர் ஆய்வகத்தில் அவர்கள் குப்பியில் வைத்துச் சோதித்தார்கள். ஒன்றுமே இல்லை. செய்தி வந்த அன்று எங்கள் குப்பியைத் திறந்தேன். மூடியில் டேப். நாங்கள் பார்த்த சமிக்ஞை கரியுடையதல்ல, டேப்புடையது. அந்த மாதம்தான் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். என் பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். டேப்பை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மேடம் முடிவைத் தமக்கு வேண்டியபடி திருத்திக்கொண்டதாக ஆய்வகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நானும் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஆய்வை விட்டுப் போனபோது தலையில் முடி காதளவுகூட வளரவில்லை.

போன வாரம் டேப் வாங்கித் திரும்பும்போது மலையடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு. நரைத்திருந்தது. ஏதோ பள்ளியில் பாடம் நடத்துகிறாராம். "எங்கயோ நான்தான் தப்பா பாத்துட்டேன் அண்ணா. எங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல. ராத்திரி எல்லாம் அதையே நினைச்சிருக்கேன். நீங்க ஒருத்தராவது உங்க வேலைய ஒழுங்கா செஞ்சீங்க" என்றார். டேப் என் சட்டைப்பையில் இருந்தது. "ஆங், மேடம்" என்றேன். வீட்டுக்கு வாங்க என்றுகூடக் கூப்பிடாமல் வந்துவிட்டேன். கோழை, வேறென்ன சொல்ல?

இன்று காலை ஒருவழியாகக் குழாயில் டேப்பைச் சுற்றினேன். மூன்று சுற்று. ஒழுக்கு நின்றுவிட்டது. கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேடம், நீங்கள் எதையும் தப்பாகப் பார்க்கவில்லை. மூடியில் டேப் இருந்தது. சுற்றியவன் நான்.