கண்டக்டரக்காவின் மூன்று வரிகள்

பதினெட்டு வருடம் ஒரே தடத்தில் ஓடிய கண்டக்டர் அவள். பயணிகளுக்குக் கண்டக்டரக்கா. கடைசி நிறுத்தத்தில் வண்டி கால் மணி நேரம் நிற்கும். டிரைவர் கண்ணயர, அக்கா பின்படிக்கட்டில் உட்கார்ந்து அன்று பார்த்ததைப் போனில் மூன்று வரி எழுதுவாள். 'ஓட்டுக் கேட்டு ஏறுகிறவர் எல்லாருக்கும் கை கொடுக்கிறார். டிக்கெட் எடுக்கச் சொன்னால் அந்தக் கையைக் காணோம்.' 'வெளியூர்க்காரர் ஜன்னல் வழியே நம் ஊரைப் பார்க்கிறார். உள்ளூர்க்காரர் போனில் வெளியூரைப் பார்க்கிறார்.' நாற்பது பேர் படித்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தலைவர் வந்து புதுப் பாலத்தைத் திறந்து வைத்தார். மதியமே தூணில் விரிசல் கண்டு மூடிவிட்டார்கள். அக்கா எழுதினாள்: 'காலையில் திறந்தார்கள், மதியம் மூடினார்கள். நடுவில் இரண்டு தடவை நாங்கள் போய் வந்தோம். உயிரோடு இருக்கிறோம்.' அவள் வீடு போய்ச் சேருவதற்குள் லட்சம் பேர் அதைப் படித்திருந்தார்கள்.

மறுநாள் முதல் நடையில் சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கவில்லை. திரும்பி வர இன்னொரு டிக்கெட் கேட்டார்.

"எங்க சார் போகணும்?"

"எங்கயும் இல்லம்மா. நல்லா எழுதறீங்க. எப்படித்தான் பார்க்கறீங்கன்னு பார்க்க வந்தேன்."

நான்கு நாள் இப்படியே. திட்டவில்லை, மிரட்டவில்லை. முதியவர்களுக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார். ஐந்தாம் நாள் அவரைக் காணோம். அப்பாடா என்று வீட்டுக்குப் போனால், தையல்காரரான கணவர் அளவு நாடாவும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

"ஒருத்தர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். கையைத் தூக்கி நிக்கறப்பவே, 'உங்க பொண்ணு காலேஜ் பஸ் அஞ்சே காலுக்குத்தானே வரும்'னு கேக்கறார். நீ என்னத்த எழுதித் தொலைச்சே?"

"என்ன கலர் துணி?"

"சாம்பல்."

நின்ற இடத்திலேயே பாலத்தைப் பற்றிய வரிகளை அழித்தாள். அழித்ததுதான் தப்பாகப் போயிற்று. அவள் சீருடைப் படத்தோடு வேறு வரிகள் சுற்ற ஆரம்பித்தன: தலைவரைப் பாலத்தில் நிற்க வைத்து இடிக்க வேண்டுமாம். தான் எழுதியது இதுவல்ல என்று காட்ட அசல் வரிகள் அவளிடம் இல்லை. சொந்த அண்ணனே போன் செய்து, "உனக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்றார். பேருந்தில் பேச்சு அடங்கிவிட்டது. தினமும் வாயோயாமல் வம்பளக்கும் பூக்காரம்மாகூட அவளைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிப்போ மேலாளர் கூப்பிட்டார். "நீ எழுதலன்னு எனக்குத் தெரியும்மா."

"அப்ப அதைச் சொல்லுங்க சார்."

"யார்கிட்ட?"

அவளை டயர் கிடங்குக்கு மாற்றினார்.

புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனாள். எழுதிக்கொண்டவர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். கடைசியில், பேனாவை மூடியபடி, "பொண்ணை அஞ்சே கால் பஸ்ஸுல வர வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா அவரிடம் நேரத்தைச் சொல்லியிருக்கவே இல்லை.

மகளை அந்த வாரமே வேறு ஊரில் விடுதியில் சேர்த்தார்கள். போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதற்கு மேல் இருவரும் பேசுவதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் கிடங்குக்குப் புதுக் காவலாளி வந்தார். கலகலப்பான மனிதர். முதல் நாளே அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

"முன்னாடி நீங்க எழுதினதெல்லாம் படிச்சிருக்கேன்க்கா. இப்ப ஏன் எழுதறதே இல்ல?"

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராதுங்க" என்றாள்.